கேக்குக்காகப் பூட்டிய கம்பி

நான் கலியாணக் கேக் செய்கிறவள். வத்தேகம நகரத்திலிருந்து மேலே ஏறும் ஒரு பாதையில் எங்கள் வீடு இருக்கிறது. கேக் செய்வதில் எனக்குப் பயம் இருந்ததில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பயம். எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போவதென்றாலும் வளைவுகளில் இறங்கி, வளைவுகளில் ஏற வேண்டும்.

இங்கே கலியாணத்துக்கு வருகிறவர்கள் சாப்பிடும் கேக், துண்டு போட்டுச் சின்னப் பெட்டிகளில் தனியாகப் போய்விடும். மண்டபத்தில் கோபுரம் போல நிற்பது ரிஜிஃபோம் என்கிற வெள்ளை நுரை அட்டைகள்தான். அதற்கு மேலே ஐசிங் பூசி, பூக்கள் வைத்து, உச்சித் தட்டில் மட்டும் மணமக்கள் வெட்டுவதற்கு உண்மையான கேக் வைப்போம். உள்ளே ரிஜிஃபோம் என்பதற்காக யாரும் கவலை குறைவாகப் படுவதில்லை. ஐசிங்கில் ஒரு விரல் பட்டாலே மணப்பெண்ணின் தாய்க்கு நெஞ்சு அடைக்கும்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஜப்பான் கார், சின்னது. ஓட்டுவது நான். என் கணவருக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது, லைசன்ஸ் இல்லை. மூன்று தடவை சோதனைக்குப் போனார். மூன்று தடவையும் எதிரே வந்த வாகனங்களுக்கெல்லாம் மரியாதையாக வழிவிட்டு வழிவிட்டு, பரிசோதகரின் பொறுமை முடியும்வரை சந்தியிலேயே நின்றுவிட்டார். கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கிறார். கோபப்படத் தெரியாத மனிதர்.

கேக் கொண்டுபோகும் நாட்களில் அவர் பின் சீட்டில் உட்காருவார். மேலே திறந்த கேக் பெட்டி அவருக்குப் பக்கத்தில். இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொள்வார். தலைமயிர் விழக்கூடாது என்று நான் கொடுத்த பிளாஸ்டிக் குளியல் தொப்பி தலையில் இருக்கும். எங்கள் கார் எந்த வளைவில் எவ்வளவு சாயும் என்பது அவருக்கு மனப்பாடம். வளைவு வருவதற்கு முன்பே "இடம்" என்றோ "வலம்" என்றோ சொல்லிவிட்டு, கார் சாய்வதற்கு எதிர்ப்பக்கமாகக் கேக்கையும் தன்னையும் சேர்த்துச் சாய்ப்பார். பக்கத்தில் வரும் பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். குளியல் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர், ஒரு பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு போவது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. எங்களுக்கு அது வேலை.

ஒரு சனிக்கிழமை காலையில் நான்கு தட்டுக் கேக்கோடு கண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் எதிரே மரக்கறி லொறி ஒன்று பாதையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்தது. நான் சட்டென்று ஓரத்துக்கு வெட்டினேன். கார் ஒரு பக்கமாகப் படுத்து எழும்பியது. அவர் "இடம்" சொல்லவும் நேரமிருக்கவில்லை. மூன்றாவது தட்டு நழுவத் தொடங்கியது. இரண்டு கைகளும் கீழ்த் தட்டில் இருந்ததால், அவர் குனிந்து தன் நாடியால் அதை அழுத்திப் பிடித்துவிட்டார். அப்படியே, நாடியை எடுக்காமல், மண்டபம் வரை வந்தார்.

"ஏங்க, எடுத்திராதீங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்றேன்.

"ம்," என்றார். வாயைத் திறக்க முடியவில்லை.

நாடி பட்ட குழியின் மேல் ஒரு பெரிய ரோஜாவை வைத்து மறைத்தேன். அந்த ரோஜாவுக்குக் கீழே என்ன இருந்தது என்பது அந்த மணமக்களுக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வரும் வழியில், இனி இந்தக் காரை இப்படியே வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது என்று முடிவெடுத்தேன்.

பல்லேகலப் பக்கம் ஒரு கராஜ் இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஒரு முஸ்லிம் மனிதர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் எல்லோரையும் போல நானும், அண்ணன் முறையில், நானா என்றுதான் கூப்பிடுவேன். காரை ஓட்டிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி ஆட்டிப் பார்த்தார்.

"கார்ல ஒரு பிழையும் இல்ல மிஸ். ஷொக் அப்சோபர் எல்லாம் போன வருசம்தான் புதுசாப் போட்டோம். இது இப்படித்தான் சாயும். முன்னுக்கு மட்டும்தான் ஸ்டெபிலைசர் பார் ஈக்கி. பின்னுக்குக் கம்பெனிக்காரன் போடல்ல."

"ஏன் போடல?"

"அவன் கேக் கொண்டுபோற ஆளுக்காகக் கார் செய்யல்ல மிஸ்."

பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்து முறுக்கி இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். பின் சக்கரங்கள் இரண்டையும் ஓர் இரும்புக் கம்பியால் இணைத்துவிட்டால், வளைவில் ஒரு பக்கம் அமுங்கும்போது அந்தக் கம்பி முறுகி, மற்றப் பக்கத்தையும் கூட அமுக்கப் பார்க்கும். "அப்ப வண்டிக்குத் தனியா ஒரு பக்கம் சாயேலாது," என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோபுரத்தின் தட்டுகளுக்கு நடுவே நான் குச்சி இறக்குவதும் அதற்குத்தான்.

"இது யாரு நானா வாங்கிப் போடுறது?" என்று கேட்டார் கூட வந்திருந்த என் கணவர்.

"ரேஸ் ஓடுறவங்க சேர்."

என் கணவர் என்னைப் பார்த்தார். "நாம ரேஸ் ஓடப்போறோமா?"

"மணிக்கு இருபத்தஞ்சுல ஓடுற ரேஸ்," என்றேன்.

எங்கள் காருக்குப் பொருந்தும் கம்பியை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. நானாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் சொல்லிவைத்தோம். சில வாரங்களில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி வீட்டுக்கு வந்தது. பிரித்தால், இரண்டு நுனியும் மடங்கிய ஒரு தடித்த கம்பி, அச்சு அசல் கத்தரிப்பூ நிறத்தில். காருக்குக் கீழே யாரும் பார்க்காத இடத்தில் பூட்டும் இரும்புக்கு எதற்கு இவ்வளவு அழகான நிறம் என்று நினைத்தேன். என்னிடமிருக்கும் ஐசிங் நிறங்கள் எல்லாவற்றையும் கலந்தாலும் அந்த நிறம் வராது.

வீட்டில் வைக்க இடமில்லாமல் முன் அறையில் அலுமாரியின் மேல் கிடத்தி வைத்திருந்தேன். அந்த வாரம் ஒரு பெண்மணி மகளின் கலியாணத்துக்குக் கேக் பார்க்க வந்தார். நான் நீட்டிய படப் புத்தகத்தை அவர் திறக்கவே இல்லை. கண் அலுமாரி மேலேயே இருந்தது.

"அது எத்தன தட்டு தாங்கும்?" என்று கேட்டார்.

"அது காருக்கு உள்ளதுங்க."

"பரவாயில்ல, கழுவித் தாங்க. அந்த வளைவுக்கு நடுவுல கேக்கைத் தொங்கவிடலாமே. மகளோட சாரியும் இதே கலர்தான்."

அது காரின் பின் சக்கரத்துக்குப் பூட்டுவது என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. வேறு யாருக்கோ பேசி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். கேக்கை வேறு எங்கேயோ சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கம்பி பூட்ட நானா ஒரு வெள்ளிக்கிழமை காலையைச் சொன்னார். "சேரையும் கூட்டிட்டு வாங்க," என்றார். கடைசி நட்டுகளை இறுக்கும்போது காரில் வழக்கமாக ஏற்றும் பாரம் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் ரப்பர்கள் சரியான இடத்தில் உட்காருமாம். எங்கள் காரில் பின்னால் வழக்கமாக இருக்கும் பாரம் என் கணவர்தான். அவர் அரைநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். பொய் எழுதத் தெரியாதவர். காரணம் என்ற இடத்தில், 'வாகனத்தில் அமர்ந்திருக்க வேண்டியுள்ளது' என்று எழுதினார். மேலதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தாராம்.

கராஜின் நடுவில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு குழி. காரைக் குழிக்கு நேர் மேலே நிறுத்தி, நானா உள்ளே இறங்கினார். அவர் தனி ஆள், கூடமாட யாரையும் வைத்துக்கொள்வதில்லை. கம்பியோடு வந்த தாளில் ஜப்பான் எழுத்துகளும் படங்களும் இருந்தன. படங்களில் வேலை செய்கிற மனிதன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தான். நானா அவனை ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்தார். துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் அடித்து, தட்டி, திட்டி, ஒன்றொன்றாகக் கழற்றினார். நான் குழியின் ஓரத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு டோர்ச் பிடித்தேன்.

கம்பி ஏறியது. ஆனால் புகைக் குழாய்க்கு மிக அருகில் வந்து நின்றது.

"விரல் போகுது மிஸ்," என்று கீழிருந்து நானா சொன்னார். "ஆனா வண்டி பள்ளத்துல விழக்குள்ள முட்டுமா முட்டாதா தெரியல்ல. முட்டினா டக்கு டக்குன்னு சத்தம் வரும். களிமண் ஈந்தா வெச்சுப் பார்க்கலாம்."

களிமண் இருக்கவில்லை. பிற்பகலில் ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக என் பையில் ரோஸ் நிற ஐசிங் இருந்தது, களிமண் போலப் பிசைந்து உருட்டக்கூடியது. ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி நீட்டினேன். நானா அதை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கி, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே வைத்தார். பிறகு குழியிலிருந்து ஏறி வந்தார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் காரின் பின்புறத்தை அமுக்கி அமுக்கி ஆட்டினோம். அதற்குள் என் கணவரை ஏற்றி உட்கார வைத்திருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே, கண்ணாடிக்குப் பின்னால், அவர் தலை மேலும் கீழும் போய்வந்தது.

ஐசிங்கை எடுத்துப் பார்த்தால் பப்படம் போல நசுங்கியிருந்தது.

"போதாது," என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

நானா வளையங்கள் போட்டுக் கம்பியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். இன்னொரு உருண்டை. மறுபடியும் ஆட்டினோம். இந்தத் தடவை பிஸ்கட் தடிப்பு. நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான் மிஸ் இது. களிமண்ணைவிடத் திறம்," என்றார். பிறகு, என் கையில் மிச்சமிருந்த சுத்தமான துண்டைக் காட்டி, "இதத் திங்கலாமா?" என்று கேட்டார். கொடுத்தேன். இனிப்பு கூட என்று சொன்னார், ஆனால் முழுவதையும் சாப்பிட்டார்.

இனி நட்டுகளை இறுக்குவதுதான் பாக்கி. பாதி இறுக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் மணியைப் பார்த்துவிட்டு அவசரமாக மேலே ஏறினார். ஜும்மா நேரம். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, உள்ளே போய் வெள்ளைச் சாரம் உடுத்து, தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார்.

கார்க் கண்ணாடி வழியாக என் கணவரிடம், "சேர், தொழுதிட்டு வந்திர்ரேன். கம்பி இப்ப சரியான இடத்துல நிக்கிது. நீங்க மட்டும் அசைய வேணாம்," என்றார்.

"சரி நானா," என்றார் அவர்.

எனக்குப் பசித்தது. ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். சாப்பிட்டால் கை அசையும், பிறகு பார்க்கலாம் என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முன்னால் இருந்த கடைக்குப் போய் ஒரு சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, தேத்தண்ணியும் குடித்தேன். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும்.

திரும்பி வரும்போது கராஜில் ஒரு கூட்டம். கார் குழிக்குள் விழுந்துவிட்டதோ என்று ஓடினேன். கார் அப்படியேதான் நின்றது. அவரும் அப்படியேதான் இருந்தார், கைகள் இரண்டும் கேக் பெட்டி இருக்கும் இடத்தை அணைத்தபடி, பார்வை நேராக முன்னால், நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்து டயர்க் கடைக்காரர் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தண்ணீர்ப் போத்தலை அவர் வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். யாரோ ஒருவர் கராஜுக்கு வந்து, இந்தக் கார் விற்பனைக்கா என்று இவரிடம் கேட்டிருக்கிறார். இவர் தலையைத் திருப்பினால் பாரம் மாறிவிடும் என்று பயந்து, உதட்டின் ஓரத்தால் மட்டும், "இல்லை, அசையக்கூடாது" என்றிருக்கிறார். வந்தவர் இது பாரிசவாதம் என்று முடிவுகட்டி, தெரு முழுக்கச் சொல்லி ஆட்களைக் கூட்டிவிட்டார். அம்புலன்சுக்குக் கோல் எடுக்கும் நேரத்தில்தான் நான் வந்திருந்தேன்.

"ஏங்க, நல்லாத்தானே இருக்கீங்க? வாயத் திறந்து சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"அசைய வேணாம்னு அவர் சொன்னார்ல?" என்றார், அப்போதும் உதட்டின் ஓரத்தால்.

அவருக்கு ஒன்றுமில்லை, காருக்குப் பாரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று கூட்டத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கினேன். யாரும் நம்பிய மாதிரித் தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தல்காரப் பெண் என்னைத்தான் இப்போது பரிதாபமாகப் பார்த்தாள். நானா வெள்ளைச் சாரத்தோடு வந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் குழிக்குள் இறங்கி நட்டுகளை இறுக்கினார். "இப்ப அசையலாம் சேர்," என்று கீழிருந்து குரல் வந்ததும், என் கணவர் முதலில் கழுத்தை, பிறகு தோள்களை, பிறகு ஒவ்வொரு விரலாக அசைத்தார். டயர்க் கடைக்காரர் கைதட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. கார் படுக்கவில்லை. தட்டில் வைத்த மாதிரி வளைந்து போனது. எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. வேண்டுமென்றே இரண்டு வளைவுகளில் கொஞ்சம் வேகமாகவும் எடுத்தேன். அடுத்த நாள் காலையில் முற்றத்திலிருந்து பின் டயரில் ஏறி, காருக்கு அடியில் எறும்புகள் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தன. பிஸ்கட் தடிப்பிலிருந்து ஒரு துண்டை நாங்கள் எடுக்க மறந்திருக்கிறோம். அவை அதை முடித்துவிட்டுப் போக மூன்று நாள் ஆனது.

புதுக் கம்பியோடு முதல் கேக், தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மண்டபத்துக்கு. மூன்று தட்டு, வெள்ளையில் பச்சைக் கொடி. என் கணவர் வழக்கம் போலக் குளியல் தொப்பியோடு பின்னால் ஏறினார். முதல் பெரிய வளைவு வந்தது.

"இடம்," என்றார். கார் சாயும் என்று எதிர்பார்த்து, இத்தனை வருடப் பழக்கத்தில், முழுப் பலத்தோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தார்.

கார் சாயவில்லை. அவர் மட்டும் சாய்ந்தார். தோள் போய் இரண்டாவது தட்டின் ஐசிங்கில் அழுந்திவிட்டது.

ஒரு பஸ் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அரை மணித்தியாலம் திருத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் குடையைப் பிடித்தார்கள், கத்தியைப் பிடித்தார்கள், இலையின் நிறம் பற்றிக் கருத்தும் சொன்னார்கள். என் கணவர் சட்டையின் ஒரு தோள் முழுக்க வெள்ளை ஐசிங்கோடு தள்ளி நின்றார். எனக்கிருந்த ஆத்திரத்தில், "நீங்க முன்னுக்கு வந்து உக்காருங்க. இனி பின்னுக்கு ஆள் தேவையில்ல," என்று சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பட்டியால் கட்டினேன். கேக் தனியாகவே பின்னால் பயணம் செய்தது, ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமையாவது இவர் வீட்டில் ஓய்வாக இருக்கட்டும் என்று கூட்டிப் போவதையும் நிறுத்தினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நான் திரும்பி வரும்போது அவர் கேற்றடியில் நிற்பார்.

"கேக் ஒரு பக்கமும் போகலையா?"

"இல்லைங்க. நின்ன நிலையில நின்னுச்சு."

"நல்லது," என்பார். பிறகு உள்ளே போய் ஏதாவது பத்திரிகையை எடுத்துக்கொள்வார். ஒரு நாள் துணிக் கொடியில் அந்தக் குளியல் தொப்பி கழுவிக் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். அதை யாரும் போடாமல் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஆனால் இனி என்ன சொல்லி அவரைப் பின்னால் ஏற்றுவது என்றும் தெரியவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சுபநேரம் பார்த்து வைத்த ஒரு கலியாணம். கண்டி வாவிக்கு மேலே, மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஹோட்டல். ஐந்து தட்டுக் கேக். ஹோட்டலின் நுழைவழி, பாதையிலிருந்து சடாரென்று திரும்பிச் செங்குத்தாக ஏறும். நான் திருப்பி ஏற்றினேன். கார் கோணலாக நின்றபோது பின்னால் ஏதோ லேசாவது போலிருந்தது. வாயிற்காவலர் விசிலை ஊதிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி ஓடி வந்தார். கண்ணாடியை இறக்கினேன். என் காரின் இடது பின் சக்கரம் நிலத்தில் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார்.

முன் சீட்டின் மேலாகச் சரிந்து இடது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு சாண் உயரத்தில் சக்கரம் அந்தரத்தில் நின்றது. மதிலைக் கண்ட நாய் காலைத் தூக்குமே, அப்படி. கம்பி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருந்ததால், ஒரு பக்கம் மேடு ஏற, மற்றப் பக்கச் சக்கரம் கீழே இறங்க முடியாமல் தொங்கிவிட்டது.

மெதுவாக ஓட்டிப் போனால் இறங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இறங்கும்போது 'தொம்' என்று இறங்கினால், ஐந்து தட்டுக்கும் என்ன ஆகும்? முன்னால் போகவும் பயம், பின்னால் எடுக்கவும் பயம். காவலரோ நான் அசைந்தால் கார் உருண்டுவிடும் என்று நம்பி, பொனெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் விருந்தினர் வாகனங்கள் வரிசையாக ஹோர்ன் அடித்தன.

மணமக்களை அழைத்துப் போகக் காத்திருந்த மேளக்காரர்களும் கண்டிய நடனக்காரர்களும் முழு உடையில் இறங்கி வந்தார்கள். பின்னால் ஓர் ஆள் ஏறினால் சக்கரம் மெதுவாக இறங்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் ஒரு நடனக்காரர் ஏறப் பார்த்தார். தலையிலிருந்த கிரீடம் கதவுக்குள் போகவில்லை. அதை நடுவில் கழற்றவும் கூடாதாம். அடுத்தவருக்கு இடுப்பில் கட்டிய மேளம் கேக் பெட்டியில் முட்டியது. வெயிட்டர் ஒருவர் கேக்கை எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குக் கை நடுங்கும் என்று விலகிக்கொண்டார். மேலே வாசலில் மணப்பெண்ணின் தாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

நான் கந்தோருக்குக் கோல் எடுத்தேன்.

"ஏங்க, உடனே வர முடியுமா? வந்து பின்னால உக்காரணும்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

பத்து நிமிடத்தில் த்ரீவீல் வந்து நின்றது. இறங்கும்போதே தலையில் குளியல் தொப்பி இருந்தது. அதைக் கந்தோர் மேசை லாச்சியில் வைத்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. காவலருக்குத் தலையசைத்தார், நடனக்காரர்களுக்கு வழிவிட்டார், அவர்களும் இவருக்கு வழிவிட்டார்கள், இப்படியே இரண்டு நிமிடம் போனது. பிறகு கதவைத் திறந்து, முதலில் ஒரு காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரை அரை அங்குலமாக உட்கார்ந்தார். சக்கரமும் அதே மாதிரி அரை அரை அங்குலமாக இறங்கித் தரையைத் தொட்டது. யாருக்கு என்ன தோன்றியதோ, மேளக்காரர் ஒருவர் அடிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேளம் முன்னால் போக, நான் காரை உருட்டிக்கொண்டு பின்னால் போக, மணமக்களுக்கு முன்பே எங்களுக்கு வரவேற்பு நடந்துவிட்டது. கேக்கில் ஒரு இதழும் அசையவில்லை. கலியாணப் படக்காரர் அந்தச் சக்கரத்தைப் பல கோணத்தில் எடுத்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அந்த வாரமே நானாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"என்ட பிழைதான் மிஸ். இந்தக் கம்பிட நுனியில மூணு ஓட்டை ஈக்கி. நான் ஆகக் கடுமையான ஓட்டையில பூட்டிட்டேன், ரேஸ்காரங்களுக்குப் பூட்டிப் பழகி. மத்த ஓட்டைக்கு மாத்தினா போதும். சாயவும் சாயாது, காலும் தூக்காது."

அரை மணித்தியாலத்தில் மாற்றித் தந்தார். அந்த ஹோட்டலின் நுழைவழிக்கே போய், காவலர் கண்ணை மூடிக்கொள்ள, இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். நான்கு சக்கரமும் நிலத்திலேயே நின்றன.

"ஓட்டை மாத்தினதச் சேருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று பிறகொரு நாள் நானா கேட்டார்.

"இல்ல நானா. நீங்களும் சொல்லாதீங்க."

நானா என்னைப் பார்த்தார். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "கம்பியப் பத்தி நான் ஏன் மிஸ் பேசப்போறேன்," என்றார்.

என் கணவர் இப்போது மறுபடியும் பின்னால்தான் உட்காருகிறார், இடது பக்கம். சாய்வதில்லை. "இடம்," "வலம்" சொல்வதுமில்லை. நேராக உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, மேட்டில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் கீழே அழுத்துவது கண்ணாடியில் தெரியும். கேக் கொண்டுபோகும் காலைகளில் வழக்கத்தைவிட இரண்டு இடியப்பம் கூடுதலாகச் சாப்பிடுகிறார். பாரம் குறைந்துவிடக்கூடாதாம்.